குறைந்த பட்ஜெட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

நான்கு முதல் எட்டு லட்சம் ரூபாய் வரை கையில் வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு விறுவிறுப்பான ஒரு பழைய காரைத் தமிழ்நாட்டில் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்காக இரண்டு கார்களையும், நண்பர்களுக்கும் உறவினர்களுக்குமாகப் பத்துக்கும் மேற்பட்ட கார்களையும் பார்த்து வாங்கியிருக்கிறேன். வாங்கிய பிறகு சிக்கலில் மாட்டியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே தவற்றைச் செய்தவர்கள்: முதலில் காருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மெக்கானிக், ஆவணம், காப்பீடு ஆகியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள். ஆகவே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொகையை மூன்றாகப் பிரித்து வையுங்கள்

கையில் ஆறு லட்சம் இருந்தால் ஆறு லட்சத்துக்குக் கார் தேடக் கூடாது. காருக்கு அதிகபட்சம் 4.6 லட்சம், பெயர் மாற்றத்துக்கும் காப்பீட்டுக்கும் 50,000, முதல் மூன்று மாதப் பழுதுச் செலவுக்கு 90,000 என்று தனித்தனியாக ஒதுக்குங்கள். மூன்றாவது தொகையைத் தொடாமல் வைத்திருப்பதுதான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. விறுவிறுப்பான காரை விற்பவர், பெரும்பாலும் ஒரு பெரிய செலவு வரப்போகும் நேரத்தில்தான் விற்கிறார். நான்கு டயர், பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் புஷ்கள், இன்ஜின் மவுண்ட் ஆகியவை ஒரே ஆண்டில் சேர்ந்து வந்தால், சிறிய காருக்கே எழுபதாயிரத்தைத் தாண்டிவிடும்.

இதே தொகையில் சில லட்சங்களைக் கூட்டினால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய இரண்டு கதவு ஜெர்மன் கார் கிடைக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் காரின் விலை குறைந்திருக்கலாம். உதிரிபாகத்தின் விலை குறைவதில்லை. அரைக்கோடி ரூபாய்க் காருக்கான பாகத்தை, பத்து லட்சத்துக்குக் கார் வாங்கியவரும் அதே விலைக்குத்தான் வாங்க வேண்டும். எட்டு லட்சத்துக்குள் பட்ஜெட் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

2. காருக்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள்

உங்கள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், டர்போ பெட்ரோல் இன்ஜினையும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸையும் கழற்றி மாட்டிப் பழகிய ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இத்தகையோர் பலர் இருக்கிறார்கள். சிறிய ஊரில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். அப்படியானால் அடுத்த படியில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாடலே மாறிவிடும்.

அவரைச் சந்தித்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த கம்பெனிக் கார்கள் அதிகம் வருகின்றன, அந்த கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருக்கிறாரா, வாங்கும் முன் காரைப் பார்த்துச் சொல்ல எவ்வளவு வாங்குவார். கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இலவசமாகப் பார்ப்பவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

3. மாடலை முடிவு செய்யுங்கள்

இந்தியாவில் இந்த விலைக்குள் உண்மையான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் கிடைப்பது அரிது. நம் கைக்கு எட்டுபவை இழுவை நன்றாக உள்ள ஹேட்ச்பேக்குகளும் செடான்களும்தான். அவற்றில் நான் அருகிலிருந்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013 முதல் 1.2 லிட்டர், 105 பி.எஸ். (குதிரைத்திறனை ஒட்டிய அளவு) இன்ஜினோடும் ஏழு வேக டி.எஸ்.ஜி., அதாவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸோடும் வந்தது. 2020-இல் 1.0 லிட்டர், 110 பி.எஸ். இன்ஜினும், ஆறு வேக சாதாரண ஆட்டோமேட்டிக்கும் வந்தன. இழுவை இரண்டிலும் ஒரே அளவு, 175 நியூட்டன் மீட்டர். பராமரிப்புக் கவலை குறைவாக வேண்டும் என்றால், விலை சற்று அதிகமானாலும் 2020-க்குப் பிந்தையதை எடுங்கள். டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸின் கிளட்ச் அல்லது கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பகுதி போனால் செலவு லட்சக் கணக்கில் போகும்.

ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ. 180 பி.எஸ். திறனும் 250 நியூட்டன் மீட்டர் இழுவையும் உடையது. நெடுஞ்சாலையில் இதற்கு நிகராக இந்த விலையில் இன்னொன்றை நான் ஓட்டியதில்லை. ஆனால் இதிலும் அதே ஏழு வேக உலர் கிளட்ச் கியர்பாக்ஸ்தான் இருக்கிறது. அந்தக் கியர்பாக்ஸ் தாங்கும் இழுவையின் உச்ச அளவே 250 நியூட்டன் மீட்டர் என்பதால், ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டி ஓட்டிய ஆக்டேவியாவின் கிளட்ச் விரைவில் தேய்கிறது. 2017-இல் வந்த ஆக்டேவியா ஆர்.எஸ்., எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட ஆறு வேகக் கியர்பாக்ஸோடு வந்தது. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவை 500 கார்கள் மட்டுமே என்பதால் அதன் விலை இறங்கவில்லை, நம் பட்ஜெட்டுக்குள் வராது.

அதற்கு முந்தைய ஸ்கோடா லாரா 1.8 டி.எஸ்.ஐ. மிக மலிவாகக் கிடைக்கும். அந்தக் காலத்து 1.8 இன்ஜின்களில் எண்ணெய் குடிக்கும் பழக்கமும், டைமிங் செயினை (இன்ஜின் வால்வுகளை இயக்கும் சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளரும் குறையும் உண்டு. இந்த இரண்டும் சரிசெய்யப்பட்டதற்கு பில் இருந்தால் மட்டும் பாருங்கள்.

ஃபியட் அபார்த் புன்ட்டோ, 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், ஐந்து வேக மேனுவல் கியர். கியர்பாக்ஸ் பயம் இல்லை. ஸ்டீயரிங்கின் உணர்வுக்காகவே இதை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் ஃபியட் கார் விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், உடல் பாகங்களும் விளக்குகளும் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட இந்த ஒரே கார்தான் என்றால் இது வேண்டாம்.

பட்ஜெட் நான்கு லட்சத்தை ஒட்டி இருப்பவர்களுக்கு 2015-க்குப் பிந்தைய ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசலைச் சொல்வேன். 100 பி.எஸ்., 215 நியூட்டன் மீட்டர், எடை குறைந்த உடல், மேனுவல் கியர். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் அதற்கு இல்லை. ஆனால் கொடைக்கானல் மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டியவர் அந்தப் பெயரைத் தேடமாட்டார். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது அதன் மறுவிற்பனை விலையை இறக்கியது. வாங்குபவருக்கு அது ஆதாயம்தான்.

இவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பட்டியலில் வையுங்கள். ஐந்து மாடல்களை ஒரே நேரத்தில் தேடுபவருக்கு எந்த மாடலின் சந்தை விலையும் மனத்தில் பதியாது. ஒரே மாடலில் ஏழெட்டுக் கார்களின் விலையைக் கவனித்து வந்தால், எது சந்தேகத்துக்குரிய மலிவு என்பது தானாகவே தெரிந்துவிடும்.

4. நேரில் போகும் முன் ஆவணங்களைப் பாருங்கள்

கார் கன்சல்டிங்காக இருந்தாலும் உரிமையாளராக இருந்தாலும், பதிவு எண்ணையும், ஆர்.சி., காப்பீட்டுப் பாலிசி ஆகியவற்றின் படங்களையும் முதலில் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் போக வேண்டாம். காரைக் கண்ணால் பார்த்து மனம் அதில் ஒட்டிய பிறகு ஆவணக் குறை சிறியதாகத் தோன்றும்; அதனால்தான் இந்தப் படி முன்னால் வருகிறது.

எம்-பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டால் பதிவு நாள், எரிபொருள், காப்பீட்டின் காலம், கடன் நிலுவை ஆகியவை தெரியும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடனை அடைத்ததற்கான வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று) படிவம் 35-உம் இல்லாமல் பெயர் மாறாது. "கடன் முடிந்துவிட்டது, கடிதம் வந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னால், கடிதம் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். போக்குவரத்து அபராத நிலுவையையும் இ-சலான் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

காப்பீட்டுப் பாலிசியில் பெரும்பாலோர் கவனிக்காத ஓர் எண் இருக்கிறது: என்.சி.பி., அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி. அது முதல் ஆண்டுக்குப் பிறகு 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50-இல் நிற்கும். ஒரே உரிமையாளர் ஏழு ஆண்டு வைத்திருந்த காரின் பாலிசியில் அது பூஜ்யமாகவோ 20 ஆகவோ இருந்தால், அண்மையில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள் அல்லது காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். எதற்காக என்று நேரடியாகக் கேளுங்கள். பம்பர் உரசலுக்கு வாங்கியதா, முன்பக்கம் முழுவதும் நொறுங்கியதற்கு வாங்கியதா என்பதைச் சர்வீஸ் சென்டரின் பில் சொல்லிவிடும்.

வேறு மாநிலக் கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாட்டால், அங்கிருந்து கார்கள் இங்கே மலிவாக வருகின்றன. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., படிவம் 28, வேண்டும். தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியையும் காரின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும். புதுச்சேரிப் பதிவுக் கார்களுக்கும் இது பொருந்தும். வரியைக் கூட்டிய பிறகும் மலிவாக இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். நான் பார்த்த மூன்று டெல்லிக் கார்களில் இரண்டு, கணக்கை முடித்தபோது உள்ளூர்க் காரைவிட விலை கூடிவிட்டிருந்தன.

5. குளிர்ந்த இன்ஜினோடு பாருங்கள்

காலை வேளையில், வெயில் ஏறும் முன் போங்கள். காரைத் தொடவோ ஸ்டார்ட் செய்யவோ வேண்டாம் என்று முன்கூட்டியே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை மறைக்க இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் டைமிங் செயின் தளர்ச்சி குளிர்ந்த இன்ஜினின் முதல் சில விநாடிகளில் மட்டுமே கடகடவென்று கேட்கும். அந்தச் சில விநாடிகளைத் தவறவிட்டால் பிறகு கேட்க முடியாது.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. நெடுநேரம் தொடரும் வெண்புகையும் இனிப்பு வாடையும் என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடியில் மோர் போன்ற படிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உடல். கதவு, ஃபெண்டர், கூரை ஆகியவற்றின் பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவி இணையத்தில் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது, மெக்கானிக்கிடமும் இருக்கும். கம்பெனிப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். ஓரிடத்தில் மட்டும் 300-ஐத் தாண்டினால் அங்கே டிங்கரிங்கும் பட்டியும் நடந்திருக்கின்றன. ஒரு கதவில் பட்டி இருப்பது குற்றமன்று. கூரையைத் தாங்கும் தூணிலோ, பானெட்டுக்குக் கீழே உள்ள சேசிஸ் நீட்சியிலோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கக் கூடாது.

சென்னைக் கார்களில் வெள்ளத் தடயத்தையும் தேட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் துடைத்து மெருகேற்றப்பட்டு வெளியூர்களில் விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், உள்ளே சுற்றியிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். இருக்கை நகரும் தண்டவாளங்களின் அடியிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். டர்போவும் மின்னணுக் கட்டுப்பாடும் நிறைந்த காரில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால், வயரிங் கோளாறு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தலைதூக்கும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நான்கும் வேறு வேறு கம்பெனி என்றால் பராமரிப்பில் அக்கறை குறைந்த கை அது.

6. ஓட்டிப் பாருங்கள், முதலில் மெதுவாக

வேகமாக ஓட்டிப் பார்ப்பதுதான் புதியவர்களின் முதல் ஆசை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் பழுதான காரும் நன்றாகவே ஓடும்; நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் குறை வெளிப்படும். குறைந்தது நாற்பது நிமிடம் கேளுங்கள்; அதில் பாதியை நெரிசலில் கழியுங்கள்.

டி.எஸ்.ஜி. கார் என்றால், இருபது நிமிடம் நெரிசலில் ஓட்டிக் கியர்பாக்ஸ் சூடான பிறகு, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும் கணத்தைக் கவனியுங்கள். அதிர்வு இருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. சிறிய ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். தயங்கித் தயங்கி ஏறினாலும், கியர் காட்டும் விளக்கு மின்னினாலும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எனக்காக வாங்கிய முதல் டி.எஸ்.ஜி. காரை நான் அதிகாலையில் வெறிச்சோடிய சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்கினேன். ஐந்தாவது வாரத்தில் கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பணம் டயருக்கென்று வைத்திருந்தது.

மேனுவல் காரில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போ கார் எதுவானாலும் 2,000 முதல் 3,000 சுற்றுகளுக்குள் இழுவை சீராக எழ வேண்டும். அங்கே சீறல் சத்தமும் மந்தமும் இருந்தால் குழாயில் எங்கோ காற்று கசிகிறது. அது பெரும்பாலும் சிறிய செலவு. விலை பேசும்போது பயன்படும்.

வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றி இறக்கினால் லோயர் ஆர்ம் புஷ்களின் சத்தம் தெளிவாகக் கேட்கும். பக்கச்சுவர் குறைந்த டயர்கள் போட்ட கார்களில் நம் சாலைப் பள்ளங்களால் ரிம் வளைந்திருப்பது சாதாரணம். எண்பதுக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கினால் அதைச் சந்தேகியுங்கள்.

7. மெக்கானிக்கின் லிஃப்ட்டில் ஏற்றுங்கள்

ஓட்டிப் பார்த்தது திருப்தியாக இருந்தால் மட்டுமே கட்டணம் கொடுத்து இதைச் செய்யுங்கள். லிஃப்ட்டில் பார்க்க வேண்டியவை எண்ணெய்க் கசிவு, அடிப்பாகத்தில் உரசல், ஆயில் சம்ப்பில் அடி, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் கிழிசல்.

ஸ்கேனரை மாட்டும்போது கோளாறுக் குறியீடு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். காட்டும் முன் அழித்திருக்கலாம். குறியீடுகள் அழிக்கப்பட்ட பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பல ஸ்கேனர்கள் காட்டும். நேற்று அழித்திருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவான கிலோமீட்டரையும் மீட்டரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மீட்டரைக் குறைத்தவர் எல்லா இடத்திலும் குறைத்திருக்க மாட்டார்.

8. மாற்றம் செய்த காரானால்

ரீமேப், பெரிய எக்ஸாஸ்ட், தாழ்த்திய ஸ்பிரிங் போட்ட காருக்கு விற்பவர் கூடுதல் விலை கேட்பார். அதைக் கொடுக்கக் கூடாது. கம்பெனி நிர்ணயித்த அமைப்பை மீறி வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தால் அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. கழற்றிய அசல் பாகங்கள் விற்பவரிடம் இருந்தால், அவற்றையும் சேர்த்துத் தரச் சொல்லி, திரும்ப மாட்டும் கூலியை விலையில் கழியுங்கள். பாகங்கள் இல்லையென்றால் வேறு கார் பாருங்கள்.

9. விலை பேசுங்கள்

மெக்கானிக் எழுதிக்கொடுத்த பட்டியலை மேசையில் வைத்துப் பேசுங்கள். "கொஞ்சம் குறைங்க அண்ணே" என்று பொதுவாகக் கேட்பதைவிட, டயர் நான்குக்கு இவ்வளவு, முன் டிஸ்க்குக்கு இவ்வளவு என்று தொகையோடு கேட்டால் விற்பவருக்கும் ஏற்றுக்கொள்ள எளிது. முதல் படியில் வைத்த வரம்பைத் தாண்ட வேண்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒத்துக்கொண்டால் சிறிய தொகையை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, ஆவணம் சரியில்லை என்றால் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள்.

10. பணமும் பெயர் மாற்றமும் ஒரே நாளில்

விற்பனையைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதியும், பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30-உம் விற்பவரின் கையெழுத்தோடு கைக்கு வந்த பிறகே முழுத்தொகையைக் கொடுங்கள். பணத்தை வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது.

சாவியை வாங்கும்போது டெலிவரி நோட் எழுதுங்கள்: நாள், நேரம், கிலோமீட்டர், இருவர் கையெழுத்து. அந்த நேரத்துக்கு முன் நடந்த விதிமீறலுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்பதற்கு இதுதான் சான்று. வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறும் வரை, விபத்து நடந்தால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருப்பதால், விற்பவருக்கும் இதில் அவசரம் உண்டு. அதைச் சொல்லி அவரையும் உடன் அழைத்துப் போங்கள்.

காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு காரோடு தொடரும். உங்கள் காரின் சேதத்துக்கான பாதுகாப்பு பெயர் மாறாமல் உங்களுக்குக் கிடைக்காது. என்.சி.பி. தள்ளுபடி விற்பவருக்கு உரியது, காரோடு வராது. அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும்.

11. முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

இன்ஜின் எண்ணெய், அதன் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் எண்ணெய், கூலன்ட் ஆகியவற்றை, போன வாரம்தான் மாற்றினோம் என்று சொன்னாலும் மாற்றிவிடுங்கள். டர்போ இன்ஜினுக்குக் கையேட்டில் உள்ள தர எண்ணைக் கொண்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும். டர்போவின் தாங்கிகள் அந்த எண்ணெயில்தான் மிதக்கின்றன. மாற்றிய நாளின் கிலோமீட்டரைக் குறித்து வைத்து, ஒவ்வொரு ஞாயிறும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

பிரேக்கும் டயரும் சரியாகும் வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். புதிய ஆர்.சி. தபாலில் வந்ததும் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் காரில் பொறித்திருப்பதோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் உடனே ஆர்.டி.ஓ.வில் திருத்தக் கொடுங்கள். இல்லையென்றால் அது நீங்கள் இந்தக் காரை விற்கும் நாளில்தான் தெரியவரும்.